மரைக்காயரும் மரிக்காரும்: பகிடிக்காரனுக்கு நமது விமர்சனம் வைத்திருக்கும் இடம்

ஈழத்துத் தமிழ் விமர்சனம் கவிஞரை அளந்திருக்கிறது, சிறுகதைக்காரரை அளந்திருக்கிறது, கூத்து அண்ணாவியாரைக்கூடத் தேடிப்போய்ப் பதிவு செய்திருக்கிறது. பகிடிக்காரனை மட்டும் அது அளக்கவில்லை. ஒரே ஆளாக மேடையில் நின்று பாடி, பத்துப்பேரின் குரலில் கதைத்து, தனியாக நடித்து, இடையில் அறிவிப்பாளராகவும் மாறிக் கூட்டத்தை மூன்று மணித்தியாலம் கதிரையில் பிடித்துவைக்கிற மனுசனை நாம் 'பல்சுவைக் கலைஞர்' என்கிறோம். அவர் மௌத்தானதும் 'நம்மைச் சிரிக்க வைத்தவர்' என்று ஒரு அஞ்சலிக் குறிப்பு வரும். அந்தச் சிரிப்பு யாருடைய செலவில் வந்தது, எந்த மொழியில் வந்தது, அதைச் செய்தவர் எந்த ஊரில் எதைக் கேட்டு வளர்ந்தார் என்ற கேள்விகள் அஞ்சலியோடு அடங்கிப்போகும்.

இந்தக் கேள்விகளை ஒரு முஸ்லிம் சஞ்சிகையில் எழுப்பக் காரணம் இருக்கிறது. இலங்கைத் தமிழ் நகைச்சுவையின் மிகப் பிரபலமான பெயர்களில் ஒன்று 'மரிக்கார்'. அது நமது பெயர். அந்தப் பெயரில் பேசப்பட்டது நமது பேச்சு. அதைப் பேசியவர் நம்மவர் அல்லர். இதை வைத்துக்கொண்டு பெருமைப்படுவதா, முகம் சுளிப்பதா என்று நமது எழுத்தாளர்கள் இன்னும் தீர்த்துச் சொல்லவில்லை. இக்கட்டுரை அதைத் தீர்க்க முயல்கிறது.

கரவெட்டிப் பிள்ளை

முதலில் பக்கத்து வீட்டைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் வடமராட்சியிலுள்ள கரவெட்டி பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி பிறந்த ஊர். 1944ஆம் ஆண்டு அதே ஊரில் பிறந்தவர் கே. எஸ். பாலச்சந்திரன். ஒரே மண்ணிலிருந்து ஒருவர் பண்டைத் தமிழ் நாடகத்தை ஆராய்ந்து உலகறிந்த அறிஞரானார். மற்றவர் 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பால் வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். சிவத்தம்பி அவர்களும் இளமையில் 'விதானையார் வீட்டில்' வானொலி நாடகத்தில் நடித்தவர் என்பதை நினைத்தால், அறிஞருக்கும் பகிடிக்காரருக்கும் நடுவில் நாம் எழுப்பியிருக்கிற மதிலை ஊர் எழுப்பவில்லை என்பது விளங்கும்.

'அண்ணை றைற்' ஒரு யாழ்ப்பாணத்து பஸ் கொண்டக்டரின் கதை. மேடையில் பஸ் கிடையாது. இருக்கை கிடையாது. சனமும் கிடையாது. ஒரே மனுசன் நின்று தன் வாயாலும் உடம்பாலும் ஒரு பஸ்ஸையே ஓட்டிக் காட்டுவார். வானொலியிலும் ஒலிநாடாவிலும் மேடையிலும் அது பல வருசம் ஓடியது. புலம்பெயர்ந்த நாடுகளிலும் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் ஏராளம்.

அந்தத் தலைப்பின் இரண்டு சொற்களை ஒரு தமிழ் வாத்தியாராக நின்று பார்க்கிறேன். 'அண்ணை' என்பது மரியாதை. அது ரைவருக்கு. 'றைற்' என்பது கட்டளை. அதுவும் அதே ரைவருக்குத்தான். உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டு உத்தரவு போடுகிற இந்தச் சின்ன வசனத்துக்குள் யாழ்ப்பாணச் சமூகத்தின் நடைமுறை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. கொண்டக்டருக்கு உண்மையான அதிகாரம் எதுவும் இல்லை. வண்டி ரைவரின் கையில். காசு பயணியின் கையில். நடுவில் நிற்கிறவனிடம் இருப்பது குரல் மட்டும்தான். அந்தக் குரலை வைத்து அவன் ஒரு ராச்சியம் நடத்துகிறான். நமக்குச் சிரிப்பு வருவது அந்த ராச்சியத்தின் அளவைப் பார்த்துத்தான்.

இன்னொன்று, எழுத்து. 'றைற்' என்று இரண்டு வல்லின றகரம் போட்டு எழுதினால் அது யாழ்ப்பாணம். கொழும்பில் 'ரைட்' என்று எழுதுவோம். தலைப்பை வாசித்த மாத்திரத்திலேயே வாசகனின் நாக்கு வடக்கே போய்விடுகிறது. பேச்சுமொழியை இப்படித் தலைப்பிலேயே தூக்கி நிறுத்துவதற்குத் துணிவு வேண்டும். தன் ஊரின் பேச்சு கேட்கத் தகுந்தது என்று சின்ன வயதிலேயே நம்பியிருந்தால்தான் அந்தத் துணிவு வரும்.

பாலச்சந்திரனின் பகிடியில் வன்மம் ஒட்டாமல் இருப்பதற்கு ஒரு காரணம் வெளிப்படையானது: அவர் தன் ஆட்களைத்தான் பாவனை செய்தார். கேட்கிற சனமும் அதே பஸ்ஸில் வந்த சனம். வாத்தியார், விதானையார், கொண்டக்டர் எல்லாரும் ஊரில் நிசமாக நடமாடியவர்கள். தன்னைத் தானே பார்த்துச் சிரிக்கிற சமூகம் கொடுத்து வைத்தது.

அவர் பகிடியோடு நின்றவரும் அல்லர். வானொலிக்கு 'வாத்தியார் வீட்டில்' தொடரை எழுதினார். 1978இல் வந்த 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய அந்தப் படம், பருவகாலத்தில் வேற்றூரிலிருந்து வந்து கரையில் வாடி போட்டுத் தொழில் செய்கிற மீனவரின் கதை. பிறகு 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' என்ற நாவலையும், தன் கலை வாழ்க்கை பற்றி 'நேற்றுப் போல இருக்கிறது' என்ற நூலையும் எழுதினார். 2014 பெப்ரவரியில் கனடாவின் ரொறன்ரோவில் காலமானார்.

மரிக்கார் என்ற பெயர்

இனி நம் வீட்டுக் கதை. இலங்கை வானொலியில் 'கோமாளிகள் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடர் பெரும் புகழ் பெற்றது. எழுதியவர் எஸ். ராம்தாஸ். அதன் வெற்றியைப் பார்த்து 1976இல் 'கோமாளிகள்' என்ற பெயரில் படமும் எடுத்தார்கள். இலங்கைத் தமிழ்ப் படங்களில் சனம் திரண்டு பார்த்தவற்றுள் அதுவும் ஒன்று. அதில் நான்கு பாத்திரங்கள், நான்கு நாக்குகள். ராம்தாஸ் மரிக்காராக வந்து கொழும்பு முஸ்லிம்களின் தமிழில் கதைத்தார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசுகிற தமிழ் பேசினார். பி. எச். அப்துல் ஹமீட் ஐயராக வந்து பிராமணத் தமிழ் பேசினார்.

இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகத் திரும்பப் பாருங்கள். முஸ்லிம் அல்லாத ஒருவர் மரிக்கார் ஆனார். முஸ்லிம் ஒருவர் ஐயர் ஆனார். இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை. எழுபதுகளின் கொழும்பில் ஒரு தமிழ் நகைச்சுவைக் கூட்டத்துக்குள் வேடங்கள் இப்படி மாறி விழுந்தன, கேட்டவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை என்பது நமது சமூக வரலாற்றின் ஒரு பக்கம். பதினைந்து வருசத்துக்குள் அந்தப் பக்கம் எப்படிக் கிழிந்தது என்பதை வடபுல முஸ்லிம்களாகிய எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராம்தாஸின் மரிக்காரை எப்படி மதிப்பிடுவது? இருபக்கமும் சொல்ல வேண்டும்.

நல்ல பக்கம் இது. மரிக்கார் தனியாக வரவில்லை. நான்கு பேரில் ஒருவராக வந்தார். நான்கு பேரின் நாக்கும் சமமாகப் பகிடிக்கு உள்ளானது. முஸ்லிம் பேச்சு கோணல், மற்றது நேர் என்று அங்கே ஒரு அளவுகோல் இல்லை. நாலும் கோணல், அல்லது நாலும் நேர். 'செந்தமிழ் பேசுகிற நல்லவன், கொச்சை பேசுகிற கோமாளி' என்ற பழைய நாடகப் பாகுபாட்டை இது உடைத்தது. அதோடு, வாப்பா, உம்மா, ராத்தா, நானா என்று நாம் வீட்டுக்குள் பேசுகிற தமிழ் தேசிய வானொலியில் கேட்டதே பெரிய காரியம். அதுவரை வானொலியில் முஸ்லிம் நிகழ்ச்சி என்றால் எழுத்துத் தமிழில் மார்க்கச் சொற்பொழிவு கேட்டோம், இஸ்லாமிய கீதம் கேட்டோம். 'ஈக்கிது', 'செல்லுற' என்று தமிழ் பேசுகிற ஒரு சனம் இந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பல தமிழ் வீடுகள் மரிக்கார் மூலமாகத்தான் அறிந்திருக்கும்.

குறையும் உண்டு. மரிக்காரின் பேச்சு முஸ்லிம்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு என்ற எண்ணத்தை விதைத்துவிட்டது. பேருவளைக்காரர் பேசுவது ஒன்று. காத்தான்குடியார் 'மறுகா' என்று இழுத்துப் பேசுவது வேறு. மன்னார் எருக்கலம்பிட்டியின் பேச்சு இன்னொன்று. முல்லைத்தீவுத் தண்ணீரூற்றில் நாங்கள் பேசுவது வன்னித் தமிழ். உறவுச் சொற்களும் மார்க்கச் சொற்களும் வந்து விழும்போதுதான் ஆள் முஸ்லிம் என்று தெரியும். எம். ஏ. நுஃமான் போன்ற மொழியியலாளர்கள் முஸ்லிம் தமிழை அறிவியல் முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கின் நாட்டார் கவிகளைத் தேடித் தொகுத்திருக்கிறார். அந்த வேறுபாடுகள் எதுவும் சிரிப்புக்குத் தேவைப்படவில்லை. சிரிப்புக்கு ஒரு மரிக்கார் போதும்.

இதன் விளைவை இன்றைக்கும் பாடசாலைக் கலைவிழாக்களில் காணலாம். எந்தப் பல்சுவை நிகழ்ச்சியிலும் ஒரு 'காக்கா' வருவார். தொப்பி, சாரம், அகலப் பட்டி, கையில் கணக்குக் கொப்பி. வாயைத் திறந்தால் விலை, இலாபம், கஞ்சத்தனம். அவருக்கு வீடு இல்லை, பிள்ளை இல்லை, கவலை இல்லை. நான்கு பேர் நின்ற இடத்தில் மூன்று பேரை எடுத்துவிட்டு மரிக்காரை மட்டும் விட்டுவைத்தால் கிடைப்பது இதுதான். ராம்தாஸின் பாத்திரத்தைப் பழிக்க இதில் நியாயமில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவர் அமைத்த கூட்டத்தைக் கலைத்துவிட்டு வேசத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத் தமிழருக்கும் இந்த அனுபவம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டு வந்த 'தெனாலி' படத்தில் கமல்ஹாசன் எதற்கும் பயப்படுகிற ஈழத்தவராக வந்து இலங்கைத் தமிழ் பேசினார். நடிப்பு கெட்டித்தனமானது என்று பாராட்டியவர்களும் இருந்தார்கள், 'எங்கட கதை இவையளுக்குப் பகிடியோ' என்று கேட்டவர்களும் இருந்தார்கள். தன் பேச்சு தனியாக மேடையேற்றப்படும்போது நெஞ்சில் என்ன உறுத்தும் என்பதை அன்றைக்கு அவர்கள் அறிந்தார்கள். நாங்கள் அதற்கு முன்பே அறிந்தவர்கள்.

வெளியாள் ஒருவர் இன்னொரு கூட்டத்தின் பேச்சைப் பாவனை செய்யவே கூடாது என்று இதிலிருந்து முடிவெடுக்க முடியாது. ஜே. பி. சந்திரபாபு தூத்துக்குடிப் பிள்ளை. தகப்பனார் சுதந்திரப் போராட்டக்காரர்; குடும்பம் இலங்கைக்கு வர நேர்ந்தது; சிறுவயது கொழும்பில் கழிந்தது. பாட்டு, ஆட்டம், மேல்நாட்டுப் பாணியில் குரலை உடைத்துப் பாடுவது, உடம்பை எலும்பில்லாதது போல வளைப்பது என்று முழுமையான பல்சுவைக் கலைஞர் அவர். 1958இல் வந்த 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடம் ஏற்று, அதில் ஒன்றில் சென்னை ரிக்சாக்காரனாக வந்து மெட்ராஸ் பாசை பேசினார். அது அவர் பிறந்த பேச்சும் அல்ல, வளர்ந்த பேச்சும் அல்ல. காது கொடுத்துக் கேட்டுக் கற்ற பேச்சு. அந்த ரிக்சாக்காரனைப் பார்த்துச் சிரிக்கிறோம், அவனை இளக்காரமாக நினைப்பதில்லை. காரணம், அவனுக்கென்று ஒரு ரோசமும் ஒரு நியாயமும் படத்தில் இருக்கின்றன.

ஆகவே பாவனைக் கலையை அளக்க மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். பாவனை செய்யப்படுகிற ஆளுக்கு மேடையில் ஒரு நியாயம் கொடுக்கப்பட்டிருக்கிறதா? சிரிப்பு எல்லார் பக்கமும் சுற்றி வருகிறதா, ஒருவர் தலையில் மட்டும் விழுகிறதா? கலைஞர் அந்தப் பேச்சைக் கேட்டுக் கற்றாரா, முன்பு யாரோ செய்த வேசத்தைப் பார்த்துக் கொப்பி அடித்தாரா? 'அண்ணை றைற்' மூன்றிலும் தேறுகிறது. ராம்தாஸின் மரிக்கார் இரண்டாவதில் நன்றாகவே தேறுகிறார். பேச்சை ஒற்றையாக்கியதில் கொஞ்சம் குறைகிறார். பாடசாலைக் 'காக்கா' மூன்றிலும் தவறுகிறார்.

மரைக்காயர் கொடுத்த மேடை

தனிநடிப்பு என்றதும் அது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்றும், முஸ்லிம்களுக்கு அதில் வேலையில்லை என்றும் நினைப்பவர்கள் உண்டு. தமிழ் இலக்கிய வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. நொண்டி நாடகம் என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நடிகர் காலை மடித்துக் கட்டிக்கொண்டு நொண்டியாக வந்து தன் கதையைத் தானே சொல்லி ஆடிப்பாடுவார். களவு, கூத்தி வீடு, பிடிபட்டுக் கால் இழந்தது, பின்பு திருந்தி அருள் பெற்றுக் கால் வளர்ந்தது என்று கதை போகும். அதற்கென்றே நொண்டிச் சிந்து என்ற யாப்பு இருக்கிறது. அந்த வகையில் மிகவும் பெயர் பெற்ற நூல் சீதக்காதி நொண்டி நாடகம்.

பாட்டுடைத் தலைவர், கீழக்கரையில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷெய்கு அப்துல் காதிர் பெரியதம்பி மரைக்காயர். உமறுப் புலவரை ஆதரித்த, செத்தும் கொடை கொடுத்தார் என்று பழமொழியில் நிலைத்துவிட்ட வள்ளல் சீதக்காதி. கதையில் கள்ளனுக்கு ஆதரவு கொடுப்பவர் அவர். அவன் மக்கமாநகர் போய்க் கால் பெறுகிறான்.

தமிழ் மேடையில் ஒற்றை ஆள் நின்று சனத்தைச் சிரிக்கவைத்து, அழவைத்து, திருத்தியும் அனுப்பிய ஒரு கலைவடிவத்தில், ஆதரவாளராகப் பேர் எழுதப்பட்டிருப்பவர் ஒரு மரைக்காயர். முந்நூறு வருசத்துக்குப் பிறகு வானொலியில் சிரிப்புக்கான பாத்திரத்தின் பெயர் மரிக்கார். ஒரே பெயர்தான். ஒரு காலத்தில் மேடைக்குக் காசு கொடுத்தவரின் பெயர், பின்னர் மேடையில் போடுகிற வேசத்தின் பெயராகிவிட்டது. இந்த இறக்கத்துக்கு மற்றவர்களைக் குற்றம் சொல்வதற்கு முன் நாம் நம்மைக் கேட்க வேண்டும். அந்த முந்நூறு வருசத்தில் பகிடிக்காரனை ஆதரிக்கிற வேலையை நாம் எப்போது விட்டோம்?

முற்றாக விடவில்லை என்பதும் உண்மை. அலிபாதுஷா நாடகமும் அப்பாசு நாடகமும் நம் ஊர்களில் ஆடப்பட்டன. களிகம்பும் சீனடி சிலம்பமும் கல்யாண ஊர்வலங்களில் இருந்தன. நோன்பு காலத்தில் சஹர் நேரம் றபான் தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வந்த பக்கீர் பாவாமார் தொழில்முறைக் கலைஞர்கள்தான். ஒரு பாவா ஒரே இரவில் கிஸ்ஸா சொல்வார், பைத் பாடுவார், வாசலில் நிற்கிற பிள்ளையோடு பகிடி விடுவார். அவருக்கு அரிசியும் சில்லறையும் கொடுத்தோம். பிறகு அதுவும் குறைந்து போனது.

மார்க்கத்தின் கேள்வி

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். அதைத் தட்டிக் கழிக்காமல் எடுத்துப் பேச வேண்டும். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கக் கூடாது என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. ஆயிஷா நாயகி அவர்கள் ஒருவரைப் போலச் செய்து காட்டியபோது நபிகளார் அதை விரும்பவில்லை என்ற அறிவிப்பும் ஹதீஸ் நூல்களில் உண்டு. அப்படியானால் பாவனைக் கலையே நமக்கு விலக்கா?

நான் ஆலிம் அல்லன். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இலக்கியம் படித்தவனாக ஒரு வேறுபாட்டை மட்டும் காட்டலாம். தெருவில் போகிற இன்னாரை, அவருடைய திக்குவாயையோ நொண்டிக் காலையோ, நாலுபேர் நடுவில் செய்து காட்டுவது ஒரு ஆளைக் காயப்படுத்துவது. பஸ் கொண்டக்டர், சங்கக் கடை மனேஜர், மீன் முதலாளி என்று ஒரு தொழிலின் தோரணையைப் பாத்திரமாக வடிப்பது வேறு. முன்னதில் ஆள் தலைகுனிகிறார். பின்னதில் பல கொண்டக்டர்மாரும் சேர்ந்தே சிரிக்கிறார்கள். நபிகளாரும் நகைச்சுவையாகப் பேசியிருக்கிறார்கள், அதிலும் உண்மையையே பேசினார்கள் என்று ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. சிரிப்பில் உண்மையைக் கடைப்பிடிப்பது என்பதைவிடக் கடினமான கலைக்கட்டளை எந்த நாடகப் பாடநூலிலும் இல்லை. பாடசாலைக் 'காக்கா' தவறுவது இந்த இடத்தில்தான். அது பொய். அப்படி ஒரு மனுசர் எந்த ஊரிலும் இல்லை.

ஆக, வசனம் தடுப்பது பரிகாசத்தை. அந்தத் தடையே நல்ல பாவனைக்கும் கெட்ட பாவனைக்கும் நடுவில் கோடு போட்டுத் தருகிறது. நான் மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் அந்தக் கோட்டின் மேலே வைத்துப் பார்க்கலாம்.

நாயாற்றுக்குப் போகிற பஸ்

இதெல்லாம் கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னைக் கதை. வன்னிக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முல்லைத்தீவிலிருந்து கடற்கரை வழியே தெற்கே போகிற பஸ்ஸில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். அளம்பில், செம்மலை தாண்டி நாயாறு வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. பிறகு கொக்குத்தொடுவாய், கொக்கிளாய். தெற்கத்திக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து மீனவர்கள் வந்து நாயாற்றில் வாடி போடுவார்கள். அந்த நேரம் பஸ்ஸுக்குள் செம்மலை ஆச்சியின் முல்லைத்தீவுத் தமிழும், நீர்கொழும்பாரின் சிங்களம் கலந்த தமிழும், மீனெடுக்கப் போகிற நம்மவர்களின் பேச்சும், கொண்டக்டரின் இருமொழிக் கூவலும் ஒன்றாகக் கேட்கும். ராம்தாஸ் வானொலி நிலையத்துக்குள் கட்டியெழுப்பிய நான்கு நாக்குக் கூட்டம் இங்கே டிக்கெட் எடுத்துக்கொண்டு பயணம் செய்கிறது.

இந்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகளில் சிலருக்கு அபாரமான காது. நான் படிப்பிக்கிற வகுப்பில் ஒரு பெடியன் இருந்தான். இடைவேளையில் நாலு பேரின் குரலையும் மாறி மாறிச் செய்வான். கண்ணை மூடினால் பஸ் நிற்கிறது போலவே இருக்கும். அவன் செய்ததில் எனக்கு ஆச்சரியமாகப் பட்டது சிரிப்பு அல்ல, அவனுடைய உம்மும்மாவின் பேச்சு. அவன் பிறந்தது புத்தளத்தில்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவு முஸ்லிம்களும் போனார்கள். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளின் நாக்கில் புத்தளத்துப் பேச்சு ஏறியது. 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது அவர்கள் பேசியது வன்னித் தமிழுமல்ல, முழுப் புத்தளத் தமிழுமல்ல. பழைய தண்ணீரூற்றுப் பேச்சு, முள்ளியவளைச் சந்தையில் தமிழ்ச் சனத்தோடு சரிக்குச் சரி நின்று பேசிய அந்தப் பேச்சு, வயதானவர்களிடம் மட்டும் மிச்சம் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராய் மௌத்தாக, அதுவும் கபுறடிக்குப் போகிறது. யாரும் அதை ஒலிப்பதிவு செய்து வைக்கவில்லை. அந்தப் பெடியனின் தொண்டையில்தான் அது இருந்தது. அவன் அதைப் பகிடிக்காகச் செய்தான். எனக்கு அது ஆவணமாகக் கேட்டது.

பாவனைக்காரப் பிள்ளையின் பெறுமதி எனக்கு விளங்கியது இப்படித்தான். மொழியியலாளர் ஒலியைக் குறிப்பெடுப்பார். கதாசிரியர் உரையாடலில் கொஞ்சம் பிடித்துவைப்பார். மூச்சு, இழுவை, நிறுத்தம், கோபத்தில் குரல் ஏறுகிற இடம் எல்லாவற்றையும் சேர்த்து உயிரோடு வைத்திருப்பவன் பகிடிக்காரன் மட்டும்தான். இடம்பெயர்ந்த சமூகத்துக்கு அவன் ஆடம்பரம் அல்ல.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? தமிழ்த் தினப் போட்டி வந்தால் அவனுக்குச் செந்தமிழில் பேச்சு எழுதிக் கொடுத்து மனனம் பண்ணச் சொல்கிறோம். நாடகமும் அரங்கியலும் என்ற பாடம் நாட்டின் பாடத்திட்டத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளில் அதைக் கேட்டு எடுப்பவர் அரிது, எடுக்கவிடுகிற பெற்றோர் அதைவிட அரிது. கலைவிழா வந்தால் அந்தப் பழைய 'காக்கா' வேசத்தை அவன் தலையில் மாட்டிவிடுகிறோம். பொம்பிளப் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். குசினிக்குள் இருந்துகொண்டு ஊரையே செய்து காட்டக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் கலை வாசற்படியைத் தாண்டுவதில்லை.

பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. முள்ளியவளைத் தமிழ்ச் சனம் வற்றாப்பளைக் கண்ணகியின் கதையைக் கோவலன் கூத்தாகத் தலைமுறை தலைமுறையாக ஆடிக் காப்பாற்றி வந்திருக்கிறது. பாட்டறிந்த பெரியவர் பிள்ளையைக் கூப்பிட்டுப் பழக்குகிறார், ஊர் செலவைப் பொறுக்கிறது, அரங்கேற்றத்துக்குச் சனம் கூடுகிறது. போருக்குப் பிறகும் அந்தக் கூத்து மிஞ்சியது இந்த ஏற்பாட்டினால்தான். நமக்குக் கூத்து வேண்டாம் என்றால் வேண்டாம். அந்த ஏற்பாடு வேண்டும்.

பிழைப்பு பற்றியும் நேராகவே பேச வேண்டும். இலங்கையில் தமிழில் பகிடி சொல்லி மட்டும் குடும்பம் நடத்துவது கடினம், சந்தை சின்னது. பாலச்சந்திரன் கனடாவில் கண்மூடினார். 'சுராங்கனி' பாடி இந்த நாட்டையே ஆடவைத்த ஏ. ஈ. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார். மரிக்கார் என்ற நம் குடும்பப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சாகும்வரை சுமந்த ராம்தாஸும் 2016இல் சென்னையில்தான் போய்ச் சேர்ந்தார். மூவருக்கும் கடைசி மேடை கடலுக்கு அப்பால். இதைத் தெரிந்துகொண்டுதான் பிள்ளையை நாம் வழிநடத்த வேண்டும். கையில் ஒரு தொழிலும் இருக்கட்டும், கலையும் இருக்கட்டும் என்பதே நியாயமான புத்தி. 'அது நமக்கு வேணாம்' என்று வாயை அடைப்பது புத்தி ஆகாது.

உவைஸ் அவர்கள் ஐம்பதுகளின் தொடக்கத்தில் முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டைத் தொகுத்துக் காட்டியபோது, நமக்கென்று ஒரு இலக்கியமே உண்டா என்று கேட்டவர்களின் வாய் அடைபட்டது. புலவர்களையும் காப்பியங்களையும் அவர் மீட்டுத் தந்தார். அந்தப் பட்டியலில் இன்னும் எழுதப்படாத வரிசை ஒன்று இருக்கிறது. றபான் தட்டிய பாவா, கல்யாண வீட்டில் கதை சொன்ன மாமி, ஐயர் வேசத்தில் பேசிய அப்துல் ஹமீட், நாயாற்று பஸ்ஸைத் தொண்டைக்குள் வைத்திருக்கிற பெடியன் எல்லாரும் அந்த வரிசை. அவர்களைப் பற்றி எழுதுவதும், அவர்களின் பகிடியைக் கறாராக அளப்பதும் இந்தச் சஞ்சிகை போன்றவற்றின் வேலை. மேடைக்குக் காசு கொடுப்பது ஊர் மரைக்காயர்மாரின் வேலை. நம் பேச்சை இன்னொருத்தர் பேசிச் சிரிக்கவைத்தார் என்று வருந்திக்கொண்டிருப்பதைவிட, அதை நம் பிள்ளை பேசிச் சிரிக்கவைக்கிற நாளுக்கு ஒரு மேடை போடலாம். ஒலிவாங்கியும் பத்துக் கதிரையும் இருந்தால் போதும்.